ஆறாம் எண் விலக்கு

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களின் கிளெய்மைக் காப்பீட்டு நிறுவனம் மறுத்தால், பெரும்பாலும் அவர்கள் சண்டைக்கு வருவதில்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்குப் பணம் நின்றுபோனால் மகன், மருமகன், மச்சான் என்று நாலு பேர் என் மேஜை முன்னால் நின்று குரலை உயர்த்துவார்கள். எடைக்காக வந்தவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவார். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். அப்படிப் போகிறவர்களைக் கூப்பிட்டு மறுபடி உட்கார வைப்பதும் என் வேலைதான் என்று நினைக்கிறேன்.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு அக்காவும் அப்படித்தான் எழுந்தார். வயது 46. இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. இரவில் மூச்சு தடைப்பட்டுத் தடைப்பட்டு விழிப்பு வரும். பகலில் மிஷின் சத்தத்துக்கு நடுவிலேயே கண் சொக்கும். ஸ்லீவ் எனப்படும் அறுவை சிகிச்சைக்கு, அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுத்து ஒரு குழாய் அளவுக்குக் குறைப்பதற்கு, எங்கள் சர்ஜன் பரிந்துரைத்திருந்தார். கேஷ்லெஸ் அனுமதி, அதாவது நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் கட்டுவதற்கான ஒப்புதல், கேட்டோம். மறுப்பு வந்தது.

“நான் திங்கறதைக் குறைக்காம விட்டதுக்கு அவங்க ஏனுங்க மேடம் காசு குடுப்பாங்க?” என்றார்.

எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. வருடம் தவறாமல் பிரீமியம் கட்டிய ஒருவர், தன் உடம்பு தனக்குக் கிடைத்த தண்டனை என்று நம்பிக்கொண்டு, தனக்கு உரிமையுள்ள பணத்தைக் கேட்கவே கூசுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் உடல் பருமனுக்கென்று தனிக் குறியீடு இருக்கிறது. எடைக்குப் பின்னால் மரபணு இருக்கிறது, ஹார்மோன் இருக்கிறது, தூக்கமில்லாத ஷிப்ட் வேலை இருக்கிறது, சில மாத்திரைகளின் விளைவும் இருக்கிறது. சர்க்கரை நோயாளியிடம் “இனிப்பைத் தின்றாய், அதனால் இன்சுலினுக்குப் பணம் இல்லை” என்று யாரும் சொல்வதில்லை. எடை என்று வந்தால் மட்டும் வீட்டில் உள்ளவர்களே அப்படிச் சொல்கிறார்கள்.

“அக்கா, அந்தக் கடிதம் உங்களைப் பத்தி எழுதினது இல்லை. நாம அனுப்பின பேப்பரைப் பத்தி எழுதினது. எந்த விதியைக் காட்டி மறுத்திருக்காங்கன்னு முதல்ல பார்ப்போம்” என்று சொல்லிக் கடிதத்தை வாங்கிப் பிரித்தேன்.

விதியைக் காட்டாமல் மறுக்கக் கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு கிளெய்மை முழுதாகவோ பகுதியாகவோ மறுத்தால், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறோம் என்று குறிப்பிட்டே எழுத வேண்டும். நிறுவனத்துக்குள் இருக்கும் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் எந்தக் கிளெய்மையும் தள்ளக் கூடாது. ‘பாலிசி விதிகளின்படி இயலாது’ என்று ஒற்றை வரியில் கடிதம் வந்தால், எந்த விதி என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்புவதே முதல் வேலை. போனில் கேட்டுப் பயனில்லை. போனில் சொன்ன பதில் பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

திருப்பூர் அக்காவின் கடிதத்தில் ‘எக்ஸ்க்ளூஷன் கோடு 06’ என்று இருந்தது. பருமன் சிகிச்சையில் பெரும்பாலான மறுப்புகள் இந்த எண்ணோடுதான் வருகின்றன. 2019 செப்டம்பரில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விலக்கு விதிகளையெல்லாம் ஒரே வாசகமாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தது. ஆறாவது எண் பருமன் சிகிச்சைக்கு உரியது. அதன் தலைப்பை மட்டும் படித்துவிட்டு ‘பருமனுக்குக் கவர் கிடையாது’ என்று முடிவு கட்டுகிறவர்கள் பலர். ஏஜென்ட்டுகளிலும் அப்படிச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த விதி உண்மையில் சொல்வது வேறு. நான்கு நிபந்தனைகளையும் நிறைவு செய்யாத அறுவை சிகிச்சைக்குத்தான் பணம் இல்லை. நிறைவு செய்தால் இந்த விலக்கு பொருந்தாது. மருத்துவர் பரிந்துரைத்திருக்க வேண்டும். மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்ட சிகிச்சையாக இருக்க வேண்டும். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். இந்த மூன்றிலும் தகராறு அரிது. தகராறெல்லாம் நான்காவதில். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே நான்கு தீவிர நோய்களில் ஒன்றாவது இருக்க வேண்டும்; அறுவை சிகிச்சை இல்லாத எளிய வழிகளில் முயன்று எடை குறையாமல் போயிருக்கவும் வேண்டும். அந்த நான்கு நோய்கள்: பருமனால் வந்த இதயத்தசை பலவீனம், இதய ரத்தக் குழாய் நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை, கட்டுப்படாத இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்.

அக்காவுக்கு இதில் இரண்டு நோய்கள் இருந்தன. பிறகு எங்கே மாட்டியது?

எடைபோடும் மிஷினில்தான். அவர் உயரம் 160 சென்டிமீட்டர். புறநோயாளியாக வந்தபோது எடை 92 கிலோ, பி.எம்.ஐ. 35.9. இந்த அறுவை சிகிச்சைக்கு முன்பு இரண்டு வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுப்பது வழக்கம். பருத்தவர்களின் கல்லீரல் கொழுப்பேறிப் பெரிதாகி இரைப்பையை மறைத்துக்கொண்டிருக்கும். அது கொஞ்சம் சுருங்கினால்தான் லேப்ராஸ்கோப்பிக்கு வழி கிடைக்கும். அக்கா அந்த உணவு முறையை ஒரு வேளைகூடத் தவறாமல் கடைப்பிடித்தார். அட்மிஷன் அன்று 89 கிலோ; பி.எம்.ஐ. 34.8. மருத்துவமனை சொன்னதை ஒழுங்காகச் செய்ததாலேயே தகுதி போய்விட்டது. எங்கள் படிவத்தில் அட்மிஷன் அன்றைய எடை மட்டும் ஏறியிருந்தது.

உயரத்திலும் இதே ஆபத்து உண்டு. அதே 92 கிலோவுக்குப் பழைய ரிப்போர்ட் ஒன்றில் செருப்போடு அளந்த 163 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் பி.எம்.ஐ. 34.6 ஆகிவிடும். சிகிச்சைக்கு முதன்முதலாக வரும் நாளில் வெறுங்காலோடு உயரம் அளந்து, எடையோடு சேர்த்து மருத்துவர் கையெழுத்து, தேதி எல்லாம் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உணவுக் கட்டுப்பாடு தொடங்கிய தேதியும் தனியாகப் பதிவாகட்டும்.

மேல்முறையீடு என்றதும் உருக்கமான கடிதம் எழுத உட்காருகிறார்கள். குடும்பக் கஷ்டம், மகள் கல்யாணம், மூட்டு வலி எல்லாம் அதில் இருக்கும். அவர்களின் வலி உண்மையானது. ஆனால் அதைப் படிக்கிறவர் கையில் இருப்பது நான்காவது நிபந்தனை மட்டும். மூட்டுத் தேய்மானம், ரத்த அழுத்தம், கொழுப்புக் கல்லீரல், பி.சி.ஓ.டி. இவை எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. எத்தனை பக்கம் எழுதினாலும் அவை எடுபடாது. பட்டியலில் உள்ள நோய்க்கு உரிய பரிசோதனைத் தாளைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

மூச்சுத் தடைக்கு அந்தத் தாள் ஸ்லீப் ஸ்டடி. இரவு முழுக்க உடம்பில் சென்சார்களை ஒட்டி, மணிக்கு எத்தனை முறை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்று எண்ணுவார்கள். 30 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமையானது. ‘குறட்டை அதிகம்’ என்று டாக்டர் எழுதிய சீட்டு இதற்கு ஈடாகாது. சர்க்கரைக்கு, மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை. ஒரே ஒரு ரிப்போர்ட்டைவிடக் கடந்த இரண்டு மூன்று வருட ரிப்போர்ட்டுகளை வரிசையாக வைப்பது பலமானது: மருந்து கூடிக்கொண்டே போகிறது, இன்சுலின் சேர்ந்திருக்கிறது, எண் மட்டும் இறங்கவில்லை என்பது பார்த்த உடனே தெரியும்.

எளிய வழிகள் பலிக்கவில்லை என்று நிரூபிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வாழ்நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர்களிடம்கூட அதற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. காலையில் நடந்தது, கொள்ளுத் தண்ணீர் குடித்தது, ராத்திரிச் சோற்றை விட்டது இதற்கெல்லாம் யார் ரசீது கொடுப்பார்கள்? அக்காவின் விஷயத்தில் எங்கள் டயட்டீஷியனின் பழைய பதிவேடு கைகொடுத்தது. கம்பெனி ஹெல்த் கேம்ப்பில் வருடா வருடம் எடை எழுதிய அட்டைகளும் அவர் பீரோவில் கிடைத்தன. எடை இறங்கி ஏறி, முன்பைவிட மேலே போய் நின்றது அதில் வரிசையாகத் தெரிந்தது. ஜிம் சந்தா ரசீது, எடைக் குறைப்பு மாத்திரைச் சீட்டு, இப்போது பலரும் போட்டுக்கொள்ளும் வாராந்திர ஊசியின் பில் எல்லாமே சான்றுதான். எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இவற்றோடு சர்ஜன் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். எடை எந்தத் தேதியில் எவ்வளவு, உணவுக் கட்டுப்பாடு ஏன் கொடுக்கப்பட்டது, மூன்று கிலோ ஏன் குறைந்தது, பட்டியலில் உள்ள எந்த இரண்டு நோய்கள் இருக்கின்றன, எந்தப் பரிசோதனை அதைக் காட்டுகிறது என்று ஒரே பக்கத்தில். நல்ல மேல்முறையீட்டில் நோயாளியின் கடிதத்தைவிட மருத்துவரின் கடிதம்தான் வேலை செய்யும். அதைக் கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது.

இதற்கிடையில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்தார்கள். நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார்கள். கேஷ்லெஸ் மறுக்கப்பட்டாலே கிளெய்ம் முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பணத்தைக் கட்டிவிட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரியோடு ரீஇம்பர்ஸ்மென்ட் கேட்கும் வழி திறந்தே இருக்கிறது. அக்காவும் கேட்டார். அதுவும் அதே 34.8-ஐக் காட்டித் திரும்பி வந்தது.

அடுத்த படி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுவது. அவர் பெயரும் மின்னஞ்சலும் பாலிசிப் பத்திரத்திலேயே இருக்கும். இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலும் புகாரைப் பதியலாம்; 155255 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம். அங்கே பதிந்தால் ஆணையமே தீர்ப்புச் சொல்லாது, புகார் நிறுவனத்துக்குத்தான் போகும். ஆனால் பதில் வந்ததா என்று மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அங்கும் மறுத்தால், அல்லது ஒரு மாதமாகியும் பதில் வராவிட்டால், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் இருக்கிறது. சென்னைக்குப் போகாமல் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம்; விசாரணையை வீடியோவில் நடத்தவும் விதியில் இடமுண்டு. கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க முடியாது. நோயாளியோ அவர் குடும்பத்தாரோ தாங்களே பேச வேண்டும். இதைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். எனக்கோ இது பெரிய வசதியாகத் தெரிகிறது, ஏனென்றால் தன் உடம்பைப் பற்றித் தன்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? நிறுவனம் கடைசியாக மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். இழப்பீட்டு வரம்பு 50 லட்சம் ரூபாய். ஆம்பட்ஸ்மன் அளிக்கும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நோயாளிக்குக் கொடுக்க வேண்டும். நோயாளியை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது. திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு இரண்டு வருடக் கெடு. வரிசை மட்டும் முக்கியம். நுகர்வோர் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்துக்கு ஆம்பட்ஸ்மனிடம் போக முடியாது.

திருப்பூர் அக்காவின் புகார் ஆம்பட்ஸ்மனிடம் பதிவானது. விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே நிறுவனம் ஃபைலைத் திரும்பப் பார்த்துப் பணத்தை அனுப்பிவிட்டது. அதே தாள்கள்தாம், வேறொரு மேஜைக்குப் போனதும் வேறு மாதிரிப் படிக்கப்பட்டன.

விலக்கு எண் 06 அல்லாமல், முன்பிருந்த நோயை மறைத்ததாகச் சொல்லியும் மறுப்பு வரும். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம். 60 மாதம் தொடர்ந்து பாலிசி இருந்துவிட்டால், மோசடியை நிரூபித்தால் தவிர, எதையோ மறைத்தீர்கள் என்று தகராறு செய்ய முடியாது. வேறு நிறுவனத்துக்கு முறைப்படி போர்ட் செய்திருந்தால் பழைய வருடங்களும் கணக்கில் வரும். பழைய பாலிசிப் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள்.

பி.எம்.ஐ. 33 உள்ள சர்க்கரை நோயாளிகளும் வருகிறார்கள். இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் வந்துவிடுகின்றன. அதனால்தான் 2009-இல் நம் நாட்டு நிபுணர்கள் வெளியிட்ட பரிந்துரை, அறுவை சிகிச்சைக்கான எல்லையை 37.5 என்றும், கூடவே நோய்கள் இருந்தால் 32.5 என்றும் இறக்கி வைத்தது. 2022-இல் உலக அளவிலான பருமன் அறுவை சிகிச்சைச் சங்கமும் அமெரிக்கச் சங்கமும் சேர்ந்து எல்லைகளை இன்னும் தாழ்த்தின, ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்றன. நம் காப்பீட்டு விதியில் இருப்பதோ 40-உம் 35-உம். அமெரிக்காவில் 1991-இல் வகுத்த அளவுகோல். வேறு நாட்டு உடம்புக்குப் போட்ட கோட்டைக் காட்டி நம் ஊர் நோயாளியைத் திருப்பி அனுப்புவது அநியாயம். ஐ.ஆர்.டி.ஏ.ஐ. இதை மாற்றியாக வேண்டும்.

மாறும்வரை, 33-இல் இருப்பவரின் தனிநபர் பாலிசியில் இந்த விதியோடு மோதிப் பயனில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறேன். வீண் நம்பிக்கையில் அவரை அலையவிட எனக்கு மனமில்லை. ஆனால் கணவருக்கோ மனைவிக்கோ வேலை செய்யும் இடத்தில் குரூப் பாலிசி இருக்கிறதா என்று கேட்பேன். சில கம்பெனிகள் கூடுதல் பிரீமியம் கட்டி இந்த விலக்கைத் தளர்த்தி வாங்கியிருக்கின்றன. ஹெச்.ஆர். கொடுக்கும் ஒரு பக்கச் சுருக்கத்தில் அது இருக்காது. பாலிசியின் முழு நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறேன்.