மிதக்கும் தளத்தில் இறங்குவது

நெல்லித்தோப்பில் எங்கள் தெருவில் வசிக்கும் பெரியவர் ஒருவருக்கு இடது காது கேட்காது. கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். 1971ஆம் ஆண்டுப் போரின்போது 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் வேலை பார்த்தவர். ஜெட் விமானங்களின் இரைச்சல்தான் காதை வாங்கிக்கொண்டது என்பார். "எதிரியின் குண்டுக்குப் பயந்தீர்களா, மாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "குண்டு போடப் போனவன் திரும்பி வந்து எறங்கணுமே தம்பி, அதுக்குத்தான் பயம்" என்றார். அந்தப் பதிலே இக்கட்டுரைக்கு வித்து.

விக்ராந்தின் மொத்த நீளமே ஏறத்தாழ 213 மீட்டர். இரண்டு கால்பந்து மைதானங்களை நீளவாக்கில் வைத்தாற்போல. அதிலும் இறங்கக் கிடைப்பது ஒரு பகுதிதான். தரையிலுள்ள விமான நிலையம் அசையாது. இதுவோ முன்னே ஓடிக்கொண்டே அலைக்கேற்ப ஏறி இறங்கும். விமானி சற்றே தாழ்ந்து வந்தால், அந்த நொடியில் கப்பலின் பின்விளிம்பு மேலெழுந்து அவரை எதிர்கொள்ளும். சற்றே உயர்ந்து வந்தால் வடத்தைத் தவறவிடுவார்.

வடம் என்றேன். தளத்தின் குறுக்கே எஃகு வடங்கள் சில கட்டப்பட்டிருக்கும். விமானத்தின் வாலடியில் தொங்கும் கொக்கி அவற்றுள் ஒன்றில் மாட்ட வேண்டும். மாட்டினால் சில நொடிகளில் விமானம் நின்றுவிடும். ஜெட் விமானி தளத்தைத் தொட்டவுடன் வேகத்தைக் குறைப்பதில்லை, கூட்டுகிறார்! கொக்கி மாட்டாவிட்டால் மீண்டும் வானில் எழும்ப அந்த வேகம் வேண்டும் அல்லவா?

இக்கலைக்கு முதலிலேயே உயிர்ப்பலி நேர்ந்தது. 1917 ஆகஸ்டு 2ஆம் நாள், எட்வின் டன்னிங் என்ற ஆங்கிலேய விமானி, ஓடிக்கொண்டிருந்த 'பியூரியஸ்' கப்பலில் இறங்கிக் காட்டினார். ஓடும் கப்பலில் விமானம் இறங்கியது உலகில் அதுவே முதல்முறை. ஐந்து நாள் கழித்து மறுபடி முயன்றபோது கடலில் விழுந்து இறந்தார்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்துத் தளங்கள் நேரானவை. கொக்கி தவறினால் குறுக்கே கட்டிய தடுப்பில் மோதவேண்டும். தடுப்பையும் தாண்டினால் முன்னே நிறுத்தியிருக்கும் விமானங்கள்மேல்தான். 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலெர்னோ கரையருகே நடந்ததைப் படித்தபோது எனக்குத் திகைப்பே உண்டாயிற்று. பிரிட்டிஷ் சிறு கப்பல்களில் 106 'சீஃபயர்' விமானங்கள் இருந்தன. 9ஆம் தேதி போர் தொடங்கியது. 11ஆம் தேதி விடியலில் பறக்கத்தக்க நிலையில் இருந்தவை 39 மட்டுமே. எதிரி வீழ்த்தியவை சொற்பம். தளத்தில் நொறுங்கியவையே மிகுதி. விமானத்தின் கால்கள் வலுவற்றவை, நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்தது என்பவை உண்மையே. ஆனால் பெரிய குற்றவாளி வேறு: அன்று காற்று இல்லை, கப்பல்களுக்கும் வேகம் இல்லை.

காற்றுக்கு இதில் என்ன வேலை? ஒரு சிறு கணக்கு. இறங்கும் விமானத்தின் வேகம் மணிக்கு 100 கடல் மைல் எனக் கொள்வோம். கப்பல் 24 கடல் மைல் வேகத்தில் காற்றை எதிர்த்து ஓடுகிறது, எதிர்க்காற்று 15. அப்போது தளத்தைப் பொறுத்து விமானத்தின் வேகம் 61தான். கப்பல் 14, காற்று 5 என்றால் அது 81. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நம் இயற்பியல் பேராசிரியர்கள் கற்பித்திருக்கிறார்கள். 61இன் வர்க்கம் 3,721. 81இன் வர்க்கம் 6,561. கொக்கியும் வடமும் தாங்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகிவிடுகிறது!

14 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 1970இல் விக்ராந்தின் கொதிகலன்களில் வெடிப்புகள் காணப்பட்டன. 1971இல் நடந்த சோதனை ஓட்டங்களை அடுத்து அதன் வேகத்தை அந்த அளவுக்குக் கட்டுப்படுத்த முடிவு செய்தார்கள். துறைமுகத்திலேயே கிடக்கட்டும் என்று கருதியவர்களும் இருந்தார்கள். அக்குறையோடுதான், கேப்டன் சுவராஜ் பிரகாஷ் தலைமையில், அது வங்கக் கடலில் போருக்குச் சென்றது. டிசம்பர் 4ஆம் நாள் அதன் 'சீ ஹாக்' ஜெட் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கித் திரும்பின.

விக்ராந்துக்குக் கைகொடுத்தவை, போருக்குப்பின் பிரிட்டனில் தோன்றிய புதுமைகள். தளம் இடப்பக்கம் சாய்வாக அமைந்ததால், கொக்கி தவறியவர் எதன்மீதும் மோதாமல் பறந்து செல்லலாம். இறங்கும் கோணத்தைக் கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளி காட்டும். 1961 மார்ச் 4இல் நம் கடற்படையில் சேர்ந்தபோதே இவை அதில் இருந்தன. அவ்வாண்டு மே 18இல் அதில் முதலில் ஜெட் விமானத்தை இறக்கியவர் தஹிலியானி. பிற்காலத்தில் கடற்படைத் தளபதியானவர்.

கப்பலில் 'அலிசே' என்ற பிரெஞ்சு விமானங்களும் இருந்தன. பிரெஞ்சு தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: அலிசே என்றால் வாணிகக் காற்று! காற்றுக்கு ஏங்கிய கப்பலில் காற்றின் பெயரால் ஒரு விமானம். பெரியவருக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் மாறும். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாதாம். அதனருகே குனிந்து ஓடுவதே அவர்களுடைய அன்றாடப் பிழைப்பு.

விக்ராந்த் 1997 ஜனவரி 31இல் ஓய்வு பெற்றது. 2014இல் உடைக்கப்பட்டது. அதே பெயரில் நம் நாட்டிலேயே கட்டிய புதிய கப்பல் 2022 செப்டம்பரில் கொச்சியில் கடற்படையில் சேர்ந்தது. அதில் முதன்முதலாக விமானங்கள் இறங்கிய காட்சியை 2023 பிப்ரவரியில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். பெரியவர் வீட்டில்தான் பார்த்தேன். செய்தி வாசிப்பவர் பெருமிதத்தோடு பேசிக்கொண்டே போனார். பெரியவர் திரையருகே குனிந்து, "கொக்கி மாட்டிச்சா? அதைச் சொல்லச் சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.