இந்தியப் பெயர் தாங்கிய தொலைதூர வாயுக் கோள்: ‘சந்தமசா’வும் அதன் விண்மீன் ‘பிபா’வும்

பெங்களூரு: சூரிய குடும்பத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கான கோள்கள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளாகவே வானியல் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளன. எச்டி 86081 பி என்ற கோளும் அவ்வாறே 13 ஆண்டுகள் அழைக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்கு ‘சந்தமசா’ என்றும், அது சுற்றிவரும் விண்மீனுக்கு ‘பிபா’ என்றும் பெயரிடப்பட்டன.

பன்னாட்டு வானியல் ஒன்றியம் தனது நூற்றாண்டையொட்டி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விண்மீனையும் அதன் கோளையும் ஒதுக்கி, பெயர் சூட்டும் வாய்ப்பை வழங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் இதில் பங்கேற்றன. இந்தியாவிலிருந்து தெரிவான இரு பெயர்களையும் முன்மொழிந்தவர்கள் மாணவர்கள். ஒருவர் கல்லூரியிலும் மற்றவர் பள்ளியிலும் பயின்றவர்.

பூமியிலிருந்து சுமார் 340 ஒளியாண்டு தொலைவில், செக்ஸ்டன்ஸ் விண்மீன் தொகுதியில் உள்ளது பிபா. நம் கண்ணை இன்று எட்டும் அதன் ஒளி 17-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், மதுரையில் ராணி மங்கம்மாள் ஆட்சிப் பொறுப்பேற்ற காலத்தையொட்டிப் புறப்பட்டது.

சந்தமசாவின் நிறை வியாழனைப் போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஆயினும் வியாழனுக்கும் இதற்கும் இடையிலான ஒற்றுமை அத்துடன் முடிந்துவிடுகிறது. வியாழன் சூரியனை ஒருமுறை சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன. சந்தமசாவுக்கு 51 மணி நேரமே போதுமானது. அங்கு ஓர் ‘ஆண்டு’ என்பது நமது இரண்டு நாள்களைச் சற்றே விஞ்சுகிறது. தன் விண்மீனிலிருந்து சுமார் 50 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் அது சுற்றிவருகிறது. புதன்கூடச் சூரியனிலிருந்து சராசரியாக 5.8 கோடி கிலோமீட்டர் விலகியே உள்ளது. எனவே சந்தமசாவின் வெப்பநிலை ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும் எனக் கணக்கிடப்படுகிறது. இத்தகைய கோள்களை வானியலாளர்கள் ‘வெப்ப வியாழன்கள்’ என வகைப்படுத்துகின்றனர். இந்த வகையில் முதலாவதாக 1995-இல் ஒரு கோளைக் கண்டறிந்த சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள் மிஷேல் மேயர், திதியே கெலோஸ் ஆகியோருக்கு, சந்தமசா பெயர் பெற்ற அதே 2019-இல் இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இக்கோளை எவரும் நேரில் கண்டதில்லை. பிறகு அதன் நிறையும் சுற்றுக்காலமும் எவ்வாறு தெரியவந்தன?

ஒரு பெரியவரும் குழந்தையும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதாகக் கொள்வோம். குழந்தை பெரிய வட்டத்தில் ஓடும். பெரியவரும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. அவரும் சிறு வட்டத்தில் அசைந்துகொண்டே இருப்பார். இருளில் குழந்தை தெரியாவிட்டாலும், பெரியவரின் அசைவைக் கொண்டு குழந்தை இருப்பதை ஊகிக்க முடியும். கோளின் ஈர்ப்பினால் விண்மீனும் இவ்வாறே அசைகிறது. அது நம்மை நோக்கி வரும்போது அதன் ஒளி நிறமாலையின் நீலப் பக்கமாகவும், விலகும்போது சிவப்புப் பக்கமாகவும் மிக நுண்ணிய அளவில் நகரும். பிபாவின் அசைவு விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் இருப்பதை ஹவாய் தீவிலுள்ள கெக் தொலைநோக்கி அளந்தது. 2006-இல் கோளின் இருப்பு அறிவிக்கப்பட்டது. வியாழன் நமது சூரியனை அசைக்கும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் மட்டுமே.

இம்முறையில் ஒரு வரம்பு உண்டு. கோளின் பாதை நம் பார்வைக் கோட்டுக்கு எந்த அளவு சாய்ந்துள்ளது என்பதை இது காட்டாது. ஆகவே ஒன்றரை மடங்கு என்பது குறைந்தபட்ச நிறையே ஆகும். ‘சந்தமசா’ என்ற வடமொழிச் சொல் மேகமூட்டத்தைச் சுட்டுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அதுவும் இத்தகைய கோள்களின் வளிமண்டலம் பற்றிய எதிர்பார்ப்பில் இட்ட பெயரே தவிர, நேரில் கண்ட மேகத்தைக் கொண்டு இட்டதன்று.

விண்மீனின் பெயருக்குப் பின்னால் உள்ள வரலாறு கோளின் கதைக்கு எவ்விதத்திலும் குறைந்ததல்ல. இயற்பியலாளர் பிபா சௌத்ரி (1913–1991), கொல்கத்தாவில் டி.எம். போஸுடன் இணைந்து, டார்ஜிலிங் மலைப்பகுதியில் ஒளிப்படத் தகடுகளை வைத்து அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். மீசான் எனும் துகளின் தடயங்களை அவர்கள் 1940-களின் தொடக்கத்திலேயே ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். உலகப் போர்ச் சூழலில் மேம்பட்ட தகடுகள் கிடைக்காததால் ஆய்வு தொடரவில்லை. பின்னர் சிறந்த தகடுகளுடன் அதே வழியில் முன்னேறிய இங்கிலாந்தின் செசில் பவெல் 1950-இல் நோபல் பரிசு பெற்றார்.

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹோமி பாபா பணியமர்த்திய முதல் பெண் ஆய்வாளரும் பிபாவே. பெங்களூருவிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்க ஆய்வுகளிலும் அவர் பங்கேற்றார். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்த அச்சுரங்கத்தின் ஆழம், அண்டக் கதிர்களைப் பாறையால் வடிகட்டும் இயற்கை ஆய்வுக்கூடமாக விளங்கியது. வாழ்நாளில் நாட்டின் பெரிய விருது எதுவும் பிபாவை வந்தடையவில்லை. வங்க மொழியில் ஒளிக்கீற்றைக் குறிக்கும் அவரது பெயர் இறந்து 28 ஆண்டுகளுக்குப் பின் விண்மீனுக்குச் சென்றது.

புறக்கோள் ஆய்வில் பெங்களூருவுக்கும் நேரடிப் பங்குண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனம் லடாக்கின் ஹான்லேயில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் 2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றை நிறுவியுள்ளது. பெங்களூரு அருகே ஹொசகோட்டேயில் அமர்ந்தபடி, செயற்கைக்கோள் இணைப்பு வழியாக அது இயக்கப்படுகிறது. டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் கோள்கள் குறித்து 2016-இல் வெளியான கண்டுபிடிப்பிலும் அத்தொலைநோக்கியின் பதிவுகள் இடம்பெற்றன.

பிபாவை வெறும் கண்ணால் காண இயலாது. இருண்ட வானமும் சிறிய தொலைநோக்கியும் தேவை. மார்ச், ஏப்ரல் மாத முன்னிரவுகளில் சிம்ம ராசியின் பிரகாசமான மக நட்சத்திரத்தை முதலில் கண்டுகொள்ள வேண்டும். அங்கிருந்து தெற்கே, நீட்டிய கையின் முஷ்டியால் ஒன்றரை முஷ்டித் தொலைவு நகர்ந்தால், மங்கலான அந்தப் பகுதியில்தான் பிபா இருக்கிறது.