எதிர்த்தரப்பின் கதை: இதிகாச மறுஆக்கப் புனைகதைகளின் வர்க்கநிலை பற்றிய சில குறிப்புகள்

இதிகாசங்கள் எதிர்நிலையில் நிறுத்திய பாத்திரங்களின் நோக்கிலிருந்து பழங்கதைகளை மீளக் கூறும் புனைகதைகள் கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்திய மொழிகளிற் பெருகி வந்துள்ளன. இவற்றை மரபுக்கு எதிரான கலகமென வரவேற்பாரும், புனித நூல்களுக்கு இழைத்த அவமதிப்பெனக் கண்டிப்பாரும் உளர். இரு சாராரும் ஒரு வினாவை எழுப்புவதில்லை. எதிர்த்தரப்பு என்னும்போது அத்தரப்பில் யாரைக் கருதுகிறோம்? அரசனையா, அவன் பொருட்டுக் களத்தில் மடிந்தவனையா? இவ்வினாவை முன்வைத்துச் சில ஆக்கங்களை நோக்குவோம்.

இப்போக்கின் முன்னோடிகள் காவியங்களே. வங்கத்தில் மைக்கேல் மதுசூதன தத்தரின் ‘மேகநாதவத காவியம்’ (1861) இந்திரசித்தைத் தலைமாந்தனாக்கிற்று. தமிழகத்திற் புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ (1946) இராவணனைத் திராவிட மன்னனாகப் போற்றிற்று. 1948இல் அந்நூல் தடைசெய்யப்பட்டது. 1971இலேயே தடை நீங்கியது. பிராமணிய மேலாண்மைக்கு எதிரான இயக்கமொன்றின் குரல் என்ற வகையில் அதன் வரலாற்றுப் பங்கு முற்போக்கானதே. ஆயினும் அங்கு மாறியது போற்றப்படும் அரசன் மட்டுமே. அரசு என்ற நிறுவனம் கேள்விக்குள்ளாகவில்லை.

மராத்தியிற் சிவாஜி சாவந்த் எழுதிய ‘மிருத்யுஞ்சய்’ (1967), நாவல் வடிவம் தரும் வாய்ப்பைப் பயன்படுத்தியது. கௌரவர் பக்கம் நின்ற கர்ணனும் அவன் மனைவி விருஷாலியும் துரியோதனனும் குந்தியும் பிறரும் தத்தம் வாயாற் கதையைக் கூறுகின்றனர். ஒரே குரலில் வழங்கப்பட்ட தீர்ப்பு இங்கு பல சாட்சிகளின் வாக்குமூலங்களாகப் பிரிகிறது. தேரோட்டியின் வீட்டில் வளர்ந்தவனிடம் குலம் கேட்டு அவமதிக்கும் பழைய நிகழ்ச்சி, இத்தகைய கதையாடலிற் சாதியமைப்பின் மீதான குற்றச்சாட்டாகிறது. ஆனாற் கதையின் மூலக்கட்டமைப்பே ஒரு வரம்பை விதித்துவிடுகிறது. கர்ணன் கவசகுண்டலத்தோடு பிறந்த குந்தியின் மகன். அவனது ஆற்றலுக்குப் பிறப்பே சான்றாகுமிடத்து, உண்மையான தேரோட்டியின் மகனுக்கு அக்கதையில் உள்ள ஆறுதல் யாது? அத்தகைய ஒருவனும், கர்ணனின் தம்பியாக வளர்ந்த சோணனும், நாவலிற் பேசத்தான் செய்கிறான். ஆயினும் அவன் பேச்சின் பொருள் பெரும்பாலும் அண்ணனே.

இவ்வரம்பை ஓரளவு உணர்ந்த நாவலாக ஆனந்த் நீலகண்டன் ஆங்கிலத்தில் எழுதிய ‘அசுரா’ (2012) அமைகிறது. இதில் இராவணனோடு பத்ரன் என்ற எளிய அசுரனும் மாறி மாறிக் கதை சொல்கிறான். போரிற் குடும்பத்தை இழந்து, இராவணனின் எழுச்சிக்கு உழைத்து, அவ்வெழுச்சியால் எப்பயனும் பெறாதவன் அவன். இராவணன் தன் வீழ்ச்சியை மாபெரும் துன்பியலாகக் காண்கிறான்; பத்ரனுக்கோ ஆள்வோர் மாறுவதே அன்றி வாழ்வு மாறுவதில்லை. நாவலின் நடை பல இடங்களிற் சந்தைக்குரிய பரபரப்பை நாடுகிறது எனினும், தோற்ற தரப்புக்குள்ளும் வர்க்கங்கள் உண்டு என்பதை இந்த இரட்டைக் கதையாடல் வாசகருக்கு உணர்த்துகிறது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றமாகும்.

மகாசுவேதா தேவியின் ‘குந்தியும் நிஷாதியும்’ என்னும் வங்கச் சிறுகதை இதனினும் ஒருபடி மேலே செல்கிறது. அரக்கு மாளிகை எரிந்தபோது பாண்டவரும் குந்தியும் இறந்தனரெனப் பகைவர் நம்புதற்கு ஆறு சடலங்கள் கிடைத்தன. அவை அங்கு உண்டு குடித்து உறங்கிய நிஷாதப் பெண்ணொருத்தியினதும் அவளது ஐந்து புதல்வரதும் உடல்கள். மகாபாரதம் இதனைச் சில வரிகளிற் கூறிக் கடந்துவிடுகிறது. முதுமையில் வனம் புகுந்த குந்தி, கர்ணனைக் கைவிட்ட பாவத்தை எண்ணி வருந்துகையில், எரிந்த அக்குடும்பத்தின் மருமகள் அவள் முன் நிற்கிறாள். கர்ணன் நினைவில் இருக்கிறான். அந்த அறுவரும் நினைவிலேயே இல்லை. அம்மறதியே பெருங்குற்றம் என்பது கதையின் தீர்ப்பு. இங்கு எதிர்த்தரப்பு கௌரவர் அல்லர். இரு அரச குடும்பங்களுக்கும் எதிரே, பெயரற்ற உழைப்பாளர் நிற்கின்றனர்.

நம் நாட்டில் இவ்வேறுபாடு வெறும் இலக்கிய விவகாரமன்று. கன்னியா வெந்நீரூற்றுக்களை இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காகத் தோற்றுவித்தான் என்ற ஐதீகம் தமிழரிடையே வழங்குகிறது. அண்மைத் தசாப்தங்களிற் சிங்களத் தேசியவாத எழுத்துக்கள் அவனையே தம் ஆதி மன்னனாக உரிமை கோருகின்றன. 2019இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட இலங்கையின் சிறுசெய்மதிக்கும் ‘இராவணா-1’ எனப் பெயரிடப்பட்டது. வில்லனை வீரனாக்குவது தன்னளவில் விடுதலைக் குரலாகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஒரே மன்னனை இரு தரப்பினரும் தமதாக்க முனைகின்றனர். அவனுக்காக மாண்ட வீரர் எம்மொழி பேசினர், யார் நிலத்தை உழுதனர் என்று கேட்பார் இல்லை.

எனவே, இத்தகைய ஆக்கங்களை மதிப்பிடுகையில், கதை யார் பக்கம் நிற்கிறது என்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அப்பக்கத்தில் யார் பேசுகிறார், யார் பேசப்படாமலே எரிந்துபோகிறார் என்றும் கேட்டல் வேண்டும். பத்ரனும் நிஷாதியும் நமது புனைகதைகளில் எப்போது வாய் திறப்பார்கள் என்பதே நம் எழுத்தாளர்முன் உள்ள வினாவாகும்.