ஊடாடும் விவரணப்படமும் ஊரவர் நினைவுகளும்

கொட்டியாரக் குடாவின் கரையிலே, மூதூரில், 1660ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், புயலில் பாய்மரம் இழந்த கப்பலொன்றின் ஆங்கிலேய மாலுமிகள் சிலரைக் கண்டி மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவனாகிய இறொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டிலே கைதியாக வாழ்ந்து, பின்னர் தப்பியோடி, 1681இல் இலண்டன் மாநகரில் தன் அனுபவங்களை நூலாக வெளியிட்டான். பதினேழாம் நூற்றாண்டு இலங்கையின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் இன்றும் அந்நூலையே எடுத்து நோக்குகின்றனர். ஆனால் அதே நாளில் அதே கரையிலே வலை வீசியவரும், சற்று உள்ளே வயல் விதைத்தவரும் அந்நிகழ்ச்சியை எவ்வாறு கண்டனர் என்பதைச் சொல்ல நொக்ஸின் நூலைப் போன்ற ஏடு எதுவும் எஞ்சவில்லை. சரித்திரத்தில் இடம் பெறுவதற்கு அனுபவம் மாத்திரம் போதாது. அதை எழுதி வைக்கும் வசதியும் வேண்டும் போலும்.

அந்தக் குடாவுக்குத் தெற்கே, மூதூர்ப் பிரிவிலே அமைந்துள்ள வயலூர் கிளிவெட்டி. முத்துமாரியம்மன் கோவிலும் நெல்வயல்களும் உடைய இவ்வூரின் பெயரை நேயர்களிற் பலர் அண்மைக் காலத்தில் வேறொரு காரணத்தினால் கேள்வியுற்றிருப்பீர்கள். 2006ஆம் ஆண்டிலே சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள், மட்டக்களப்பு வரை சென்று அலைந்து மீண்ட பின்னர், பல ஆண்டுகள் தங்கியிருந்த தற்காலிக முகாம்களுள் ஒன்று இங்கேதான் இருந்தது. 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளிலேயே அவர்களிற் பெரும்பாலோர் தம் காணிகளுக்குத் திரும்பினர். முகாமிலே பிறந்து, பள்ளிக்கூடம் சென்று, சொந்த ஊரை முதன்முறையாக எட்டு அல்லது ஒன்பது வயதிற் கண்ட பிள்ளைகளும் இருந்தனர். அவர்களுக்கு ‘ஊர்’ என்பது தாயும் பாட்டியும் சொல்லிய கதையாகவே அதுகாறும் இருந்தது.

இத்தகைய நினைவுகளை வைத்து இக்காலத்தில் ஆக்கப்படும் ஒருவகைப் படத்தைப் பற்றியே இப்பேச்சிற் கூற விரும்புகிறேன். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரைத் தழுவி, ஊடாடும் விவரணப்படம் என அதனை நாம் அழைக்கலாம்.

சாதாரண விவரணப்படத்திலே ஒரு நெறியாளர் இருபது பேரைப் பேட்டி காண்கிறார். கிடைத்த நாற்பது மணி நேரப் பேச்சை வெட்டி, ஒட்டி, ஒன்றரை மணி நேரமாக்குகிறார். எது முதலில் வரும், எது இறுதியில் வரும், எது குப்பைக் கூடைக்குப் போகும் என்பதெல்லாம் அவர் தீர்ப்பு. பார்ப்பவர் இருக்கையிலமர்ந்து அவர் வகுத்த வழியே செல்ல வேண்டியதுதான். ஊடாடும் விவரணப்படத்திலோ பேட்டிகள் சிறு சிறு துண்டுகளாகக் கணினியில் வைக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டைப் பார்த்து முடித்ததும் இரண்டு மூன்று வழிகள் திரையிலே தோன்றும். பார்ப்பவர் ஒன்றைத் தெரிவு செய்கிறார். அதற்கேற்பக் கதை திரும்புகிறது. நாளைக்கு அவரே மீண்டும் வந்து வேறு வழியிற் சென்றால், வேறு படமொன்றைக் கண்டவராவார்.

இதன் உட்பொறியை விளக்குவதற்கு ஜெர்மானியக் கலைஞர் புளோரியன் தால்ஹோபர் 2000ஆம் ஆண்டளவில் ஆக்கிய கோர்சகோவ் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கோர்சகோவ் என்பது மறதி நோய் ஒன்றின் பெயர். அந்நோயாளர் அண்மையில் நிகழ்ந்தவற்றை மறந்துவிட்டு, அவ்விடைவெளியைக் கதைகளால் நிரப்புவர். பெயரே ஒரு குறும்புதான். அம்முறையிலே பேட்டியின் ஒவ்வொரு துண்டும் கதையின் மிகச் சிறிய கூறு எனக் கருதப்படும். ஒவ்வொரு கூற்றுக்கும் இருவகைச் சொற்கள் சூட்டப்படும்: இதற்குள் வருவதற்கான சொல் ஒருவகை, இதிலிருந்து வெளியே செல்வதற்கான சொல் மற்றொரு வகை. ஒன்றின் வெளிச்செல்லும் சொல்லும் மற்றொன்றின் உள்வரும் சொல்லும் பொருந்துமாயின், இரண்டுக்குமிடையே பாதை உண்டாகும். இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு கூறு எத்தனை முறை தோன்றலாம் என்று அதற்கு ‘ஆயுள்’ குறிக்கலாம். ஒரே ஆயுளுள்ள துண்டு ஒருமுறை தோன்றி மறைந்தால், அந்த அமர்வில் மீண்டும் வராது. வீட்டு முதியவர்கள் சில சங்கதிகளை ஒரேயொரு முறை சொல்லிவிட்டுப் பின்னர் வாய் திறவாதிருப்பதை நாம் அறிவோமல்லவா? அது போன்றதே இதுவும்.

இனி, கொட்டியாரப் பற்றுக்கு இம்முறை ஏன் பொருந்தும் என்பதைக் காண்போம்.

2006ஆம் ஆண்டின் கோடை காலத்தை ஒரு படமாக்க வேண்டும் எனக் கொள்வோம். ஏப்ரல் மாத இறுதியிலே சம்பூர்ப் பகுதி குண்டுவீச்சுக்கு உள்ளாகி மக்கள் இடம்பெயரத் தொடங்கினர். யூலை மாதத்திலே விடுதலைப் புலிகள் மாவிலாறு அணைக்கதவை மூடினர். சேருவில முதலிய இடங்களின் வயல்களுக்கு நீர் நின்றது. அரச படையினர் நடவடிக்கை தொடங்கினர். ஓகஸ்ட் மாத முற்பகுதியில் மூதூர்ப் பட்டினத்திலே போர் மூண்டு, அங்கு வாழ்ந்த முஸ்லிம் மக்கள் பெருந்தொகையாகக் கந்தளாய்க்கு ஓடினர். செப்டெம்பர் தொடக்கத்தில் சம்பூரைப் படையினர் கைப்பற்றினர். இவையெல்லாம் நாட்குறிப்பில் ஒன்றன் பின் ஒன்றாக அமையும் செய்திகள். ஆனால் கதை எங்கே தொடங்குகிறது? சேருவில உழவர் அணைக்கதவு மூடிய நாளிலே தொடங்குவார். சம்பூர்த் தாய் ஏப்ரல் மாதத்திலே தொடங்குவாள். மூதூர் வியாபாரி ஓகஸ்ட் மாதத்திலே தொடங்குவார். ஒரே பாதையிற் செல்லும் படம் இவற்றுள் ஒன்றைத் தெரிந்தே தீரவேண்டும். தொடக்கத்தைத் தெரிந்தவுடனேயே குற்றவாளி யார், குற்றத்துக்கு ஆளானவர் யார் என்பதும் பாதி தீர்ந்துவிடுகிறது. பல வாயில்களையுடைய படத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை.

இவ்வாறு சொன்னவுடன், ‘அப்படியாயின் வழக்குத் தீர்ந்தது’ என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். தெரிவு செய்யும் உரிமையைப் பார்ப்பவரிடம் கொடுத்தால், அவர் தன்னவர் முகத்தையே தெரிவு செய்வார். தமிழர் தமிழரையும், முஸ்லிம் முஸ்லிமையும், சிங்களவர் சிங்களவரையும் கேட்டுவிட்டு எழுந்து போவர். மூன்று படங்களை ஒரே பெட்டியில் வைத்தது தவிர அங்கே வேறொரு பயனும் விளையாது.

ஆகவே கூறுகளை இணைக்கும் சொற்களிலேயே ஆக்கியோனின் நெஞ்சம் இருக்கிறது என்பது என் கருத்து. இனப் பெயரையோ திகதியையோ இணைப்புச் சொல்லாக வைத்தால், மனிதர் ஏற்கெனவே நின்ற அணிகளிலேயே மீண்டும் நிற்பர். தண்ணீர், வீட்டுத் திறப்பு, விட்டுவந்த மாடு, அரைகுறையாய் வெந்த சோறு என்னும் சொற்களை வைத்துப் பாருங்கள். கிளிவெட்டி முகாமிலிருந்த ஒரு மூதாட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்ததைச் சொல்லி நிறுத்துகிறாள் என்று கற்பனை செய்வோம். அடுத்துத் ‘திறப்பு’ என்னும் சொல்லைத் தொடுபவர் முன், கந்தளாய்க்கு ஓடிய ஒருவர் தம் கடைத் திறப்பைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. பார்ப்பவரும் இனத்தைத் தேடி அங்கே செல்லவில்லை. திறப்பைத் தேடிச் சென்றார்.

நெறியாளர் ஒழிந்துவிட்டார் என்று இவ்வகைப் படங்களைப் புகழ்வோர் கூறுவதுண்டு. ஒழியவில்லை. வெட்டுமேசையை விட்டு எழுந்து, சொற்பட்டியலுக்கு முன்னே உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவே.

கணினி வருவதற்கு முன்னரே இந்த எண்ணம் தோன்றியிருந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். 1967ஆம் ஆண்டிலே கனடாவின் தேசியத் திரைப்படச் சபையைச் சேர்ந்த கொலின் லோ என்பவர் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பாலுள்ள போகோத் தீவுக்குச் சென்றார். மீன்பிடித்தொழில் நலிந்து, அத்தீவு மக்களை வேறிடத்துக் குடியேற்றும் பேச்சு எழுந்திருந்த காலம் அது. அவர் எல்லாவற்றையும் கோத்து ஒரு பெரும்படமாக்காமல், ஒருவர் பேச்சு அல்லது ஒரு நிகழ்ச்சி ஒரு படம் என்ற முறையில், இருபதுக்கும் அதிகமான குறும்படங்களாக விட்டார். பேசியவருக்கே முதலிற் காட்டி, அவர் சம்மதித்த பின்னரே பிறருக்குக் காட்டினார். ஊர் மண்டபங்களிலே அவை திரையிடப்பட்டபோது, நேருக்கு நேர் பேசத் தயங்கிய அயலூரவர் ஒருவர் சொல்வதை மற்றவர் பொறுமையாகக் கேட்டனர். பின்னர் அம்மீனவர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துத் தீவிலேயே தங்கினர். படங்களே அதற்கு முழுக் காரணம் என்பது மிகையாகும். எனினும், பேசியவர் தம் பேச்சை மீண்டும் கேட்டு, ‘இது போகட்டும், இது வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை அங்கே நிலைநாட்டப்பட்டது. என் மனத்துக்கு அதுவே பெரிது. திரையிலே பத்து வழிகள் தோன்றுவதனால் மாத்திரம் ஒரு படம் ஊடாடுவதாகாது. பேட்டி கொடுத்தவர் மீண்டும் உள்ளே வர ஒரு வழி இருக்கிறதா என்றே முதலிற் கேட்கவேண்டும்.

பெரு நாட்டிலே 2015இல் வெளிவந்த கீப்பு என்னும் ஆக்கம் இதைத் தொலைபேசி மூலமாகச் செய்தது. 1990களின் பிற்பகுதியில் அந்நாட்டு அரசு நடத்திய கருத்தடைத் திட்டத்திலே இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சத்திரசிகிச்சைக்கு உள்ளாயினர். அவர்களிற் பலர் மலைக் கிராமங்களின் ஏழைகள், தம் சம்மதமின்றி அது நடந்ததெனக் கூறுவோர். அவர்களிடம் இணையம் இல்லை. சாதாரணத் தொலைபேசி இருந்தது. இலவச இலக்கமொன்றை அழைத்துத் தம் மொழியிலே தம் கதையைப் பதிவு செய்தனர். பிறர் கதையைக் கேட்டனர். கடல் கடந்து இணையத்திலே கேட்டவர் விட்ட மறுமொழியையும் அதே தொலைபேசியிலே கேட்டனர். முடிச்சிட்ட கயிறுகளாற் கணக்கும் செய்தியும் காத்த இன்கா மக்களின் பழைய முறையின் பெயரே கீப்பு என்பதாம்.

நம் நாட்டிலும் இதற்கு அண்மையான முயற்சிகள் நடந்துள்ளன. 2010ஆம் ஆண்டளவில் கண்ணன் அருணாசலம் என்பவர் யாழ்ப்பாணம், கண்டி, காலி முதலிய ஊர்களின் முதியவர்களைச் சந்தித்து, ‘நான் யார்’ என்னும் கேள்விக்கு அவர்கள் தந்த விடைகளை ஒலியும் படமுமாக இணையத்தில் இட்டார். 2012, 2013ஆம் ஆண்டுகளிலே இராதிகா ஹெட்டியாராச்சி நடத்திய ‘ஹேர்ஸ்டோரீஸ்’ என்னும் திட்டம் வடக்கிலும் தெற்கிலுமுள்ள தாய்மாரின் வரலாறுகளை, இருநூற்றுக்கு அதிகமாகத் திரட்டியது. அதில் நான் மிக விரும்பும் அம்சம் கமராவன்று. தாய்மார் தம் கையாலேயே கடிதம் எழுதினர். தம் வாழ்வை ஒரு மரமாக வரைந்தனர். ஆண்டுக் கோடு கீறினர். கமராவின் முன் அமர்ந்தவர் கேட்டதற்கு விடை சொல்கிறார். கடிதம் எழுதுபவரோ தாம் எங்கே தொடங்க வேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்கிறார்.

ஒரு கடினமான விஷயத்தையும் சொல்லாமல் விடலாகாது. கிளிவெட்டியை அடுத்த குமாரபுரத்திலே 1996ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி இருபதுக்கு மேற்பட்ட பொதுமக்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, சுட்டுக் கொல்லப்பட்டனர். இருபது ஆண்டுகள் கழித்து, 2016 யூலையில், குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் அறுவரை அநுராதபுர மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. இத்தகைய ஊரிலே ஒருவரிடம் ‘உங்கள் நினைவைச் சொல்லுங்கள்’ என்று கேட்பது இலேசான காரியமன்று. முற்றத்திலே அயலவரிடம் சொல்லும் பேச்சு வேறு. கூண்டிலேறிச் சொல்லும் சாட்சியம் வேறு. முற்றத்துப் பேச்சிலே நாள் மாறும், ஆளின் பெயர் மாறும், துயரம் மாறாது. அதைத் துண்டு துண்டாக்கி உலகின் முன் வைத்தால், நாளை எவரேனும் அதனை எடுத்து, ‘அன்று அப்படிச் சொன்னாயே’ என்று வாதாடக் கூடும். எனவே பெயரை மறைப்பதா, முகத்தை மறைப்பதா, இத்தனை ஆண்டு கழிந்த பின்னரே வெளியிடுவதா என்பவற்றைப் பேட்டிக்கு முன்னரே பேசித் தீர்க்கவேண்டும். இடையிலே மனம் மாறினால், துண்டை எடுத்துவிடவும் வேண்டும். ஊடாடும் படத்தில் இது எளிது. ஒரு மணியைக் கழற்றினாலும் மாலை அறுவதில்லை.

கேட்பவர் வினவ, திரையிலுள்ளவர் விடை கூறும் படங்களும் இப்போது உள்ளன. நாசிகளின் வதைமுகாமிலிருந்து உயிர் தப்பிய பிங்கஸ் கட்டர் என்பாரிடம் ஏறக்குறைய இரண்டாயிரம் கேள்விகள் கேட்டு, விடைகளைப் பல கமராக்களாற் பதிவு செய்து வைத்துள்ளனர். சிறுவன் ஒருவன் எழுந்து கேட்டால், பொருத்தமான விடையைக் கணினி தேடி எடுத்து அவரைப் பேசவைக்கிறது. அவர் உயிரோடு சொல்லாத எதையும் அது சொல்லாது என்பது இதன் நேர்மை. பொறிகளே புதுவிடை புனையும் இக்காலத்தில் அந்த வரம்பு காக்கப்படுவது அவசியம்.

இவையெல்லாம் எத்தனை காலம் நிலைக்கும் என்ற கேள்வியும் உண்டு. 1086ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ‘டூம்ஸ்டே’ ஏட்டை இன்றும் பிரித்துப் படிக்கலாம். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை ஒட்டி, 1986இல், பிபிசி நிறுவனம் நாட்டு மக்களிடம் திரட்டிய செய்திகளையும் படங்களையும் ஒளித்தட்டுகளிற் பதிந்தது. இருபது ஆண்டு கழியுமுன்னரே அவற்றைப் படிக்கும் பொறி அரிதாகி, ஆய்வாளர் பெருமுயற்சி செய்து மீட்க நேர்ந்தது. 2020ஆம் ஆண்டின் இறுதியோடு பிளாஷ் என்னும் மென்பொருள் கைவிடப்பட்டபோது, அதன் மேல் அமைந்த ஊடாடும் படங்கள் பல ஒரே நாளில் ஊமையாயின.

எனவே கொட்டியாரப் பற்றிலே இவ்வேலையைத் தொடங்க எண்ணும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்லலாம். படத்தின் பொறி எதுவாயினும் ஆகுக. வெட்டாத முழுப் பேட்டியை வேறாக வையுங்கள். 2005 முதல் நம்மவர் ஏடுகளை எண்ணிமமாக்கி வரும் நூலகம் போன்ற நிறுவனத்துக்கு ஒரு படி கொடுங்கள். பேசியவர் வீட்டிலும் ஒரு படி இருக்கட்டும். சொன்னதை நல்ல தாளிலே எழுதியும் வையுங்கள். எழுதும்போது, அந்த மூதாட்டி ‘தண்ணி’ என்று சொல்லியிருந்தால் ‘தண்ணீர்’ என்று திருத்தாதீர்கள்.