காதில் விழாத மணி

கூடத்தில் டெலிவிஷன் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே கிளம்பும் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குகிறார். 'டக்' என்று ஒரு சத்தம். பாட்டுக் கச்சேரி மறைந்து, குத்துச் சண்டை வந்து நிற்கிறது! பெட்டியின் அருகே யாரும் போகவில்லை. யாரும் எதையும் தொடவுமில்லை.

பேயா, பிசாசா? இரண்டும் இல்லை. 1956-க்குப் பிறகு அமெரிக்க வீடுகளில் நடந்துவந்த வேடிக்கைதான் இது. இதன் சூட்சுமத்தைத் தெரிந்துகொண்டால், ரிமோட் தொலைந்துபோய்ச் சொன்ன பேச்சைக் கேட்காமல் கிடக்கும் பழைய பெட்டிகளை நம் கையாலேயே வழிக்குக் கொண்டுவந்துவிடலாம்.

சூரிய பகவான் செய்த குறும்பு

சிகாகோ நகரத்து ஜெனித் கம்பெனியின் தலைவர் மக்டோனால்டுக்கு விளம்பரங்கள் என்றாலே வேப்பங்காய். உட்கார்ந்த இடத்திலிருந்தே விளம்பரத்தின் வாயை அடைக்க வழி வேண்டும் என்று இஞ்சினீயர்களை விரட்டினார். 1950-ல் 'லேஸி போன்ஸ்' வந்தது. பெயருக்குச் சோம்பேறி என்று அர்த்தம்! ஆனால் கருவிக்கும் பெட்டிக்கும் நடுவே நீளமாக ஒரு ஒயர் கிடந்தது. சோம்பேறிகள் தப்பித்தார்கள்; கூடத்தில் நடமாடியவர்கள் தடுக்கி விழுந்தார்கள்.

1955-ல் யூஜின் பாலி என்ற இஞ்சினீயர் ஒயரை ஒழித்துக் கட்டினார். பெட்டியின் நாலு மூலையிலும் வெளிச்சத்தை உணரும் நாலு கண்கள். கையிலே துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச் விளக்கு. இந்த மூலையில் வெளிச்சம் அடித்தால் சானல் மாறும். அந்த மூலையில் அடித்தால் சத்தம் அடங்கும். எல்லாம் சரி, ஜன்னல் வழியே வெயில் வந்து விழுந்தால்? சூரிய பகவானே சானல் மாற்ற ஆரம்பித்துவிட்டார்!

நாலு அலுமினியக் கம்பிகள்

அப்போது வந்து சேர்ந்தது, வியன்னாவில் பிறந்த டாக்டர் ராபர்ட் ஆட்லரின் யோசனை. அவருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. ரிமோட்டுக்குள் பாட்டரி கூடாது. பாட்டரி தீர்ந்துபோனால், பெட்டியே கெட்டுவிட்டது என்று வாங்கியவர் நினைத்துக்கொள்வார் என்பது கம்பெனியின் கவலை.

ஆட்லர் என்ன செய்தார் தெரியுமா? சுண்டு விரல் நீள அலுமினியக் கம்பிகள் நாலை எடுத்துக்கொண்டார். பொத்தானை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று கம்பியின் நுனியில் 'டிக்' என்று தட்டும். கம்பி மணி போல ஒலிக்கும். ஆனால் விநாடிக்குச் சுமார் 40,000 அதிர்வுகள்! மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. பெட்டிக்குள் இருந்த மைக் மட்டும் கேட்டது. 'ஸ்பேஸ் கமாண்ட்' என்ற அந்த ரிமோட் 1956-ல் கடைக்கு வந்தது. சாவிக் கொத்தின் கலகலப்பிலும் அதே உயர்ந்த ஒலி கலந்திருந்ததால்தான், பெட்டி தன்னைக் கூப்பிட்டதாக நினைத்துக்கொண்டது!

நீங்களே செய்யலாம்

1980-களில் அகச்சிவப்பு ரிமோட்கள் வந்து இந்த மணிகளை ஓரங்கட்டின. ஆனாலும் பழைய பெட்டிகளைப் பொக்கிஷமாகக் காப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பெட்டி இருக்கும், ரிமோட்தான் எப்போதோ தொலைந்திருக்கும். அதைச் செய்துகொள்ளும் கணக்கு மிகவும் எளிது.

அலுமினியக் கம்பியில் ஒலி விநாடிக்குச் சுமார் 5,000 மீட்டர் ஓடுகிறது. அதை வேண்டிய அதிர்வின் இரு மடங்கால் வகுத்தால் கம்பியின் நீளம் கிடைக்கும். 40,000 அதிர்வுக்கு 6.25 சென்டிமீட்டர். 1,000 அதிர்வு வித்தியாசம் வேண்டுமென்றால் நீளத்தில் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஆகையால் கம்பியைச் சற்று நீளமாகவே வெட்டிக்கொண்டு, நுனியை அரத்தால் ராவி ராவிச் சுருதி சேர்க்க வேண்டும். ஜலதரங்க வித்துவான் கிண்ணத்துத் தண்ணீரைக் கூட்டிக் குறைப்பதில்லையா, அது போலத்தான். கம்பியை நட்ட நடுவில் மட்டும் தாங்க வேண்டும். வேறு இடத்தில் பிடித்தால் ஒலி செத்துவிடும். சுத்தியலும் தட்டிய மறுகணம் விலகிவிட வேண்டும். நம் காதுக்குத்தான் கேட்காதே, சுருதியை எப்படிப் பார்ப்பது? வௌவால்களின் குரலைக் கேட்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. அதைக் கொண்டு பார்க்கலாம்.

அரம் பிடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் 555 என்ற சின்ன ஐ.ஸி.யால் அந்த அதிர்வை உண்டாக்கலாம். கார் பின்னால் வரும்போது தடையைக் காட்டிக் கொடுக்கும் சென்ஸார் இருக்கிறதே, அந்த ஜாதி ஒலிப்பானில் அதை இணைத்தால் போதும்.

நம் வீட்டுப் பரணில்...

அமெரிக்கா இருக்கட்டும். நம் வீட்டுப் பரணிலேயே ஒரு வி.ஸி.ஆர். தூசி படிந்து கிடக்கலாம். பக்கத்தில் கல்யாணக் காஸெட் ஒன்றும் இருக்கலாம். அதிலே, இன்று நம்மோடு இல்லாத பாட்டி சிரித்துக்கொண்டே சந்தனம் கொடுப்பாள். உலகில் கடைசியாக வி.ஸி.ஆர். தயாரித்து வந்த ஜப்பானியக் கம்பெனியும் 2016-ல் நிறுத்திவிட்டது. சில மாடல்களில் சில வேலைகளுக்கு ரிமோட்டில் மட்டுமே பொத்தான் உண்டு. ரிமோட் இல்லை என்று பெட்டியைத் தூக்கிப் போட்டால், பாட்டியையும் அல்லவா சேர்த்துப் போடுகிறோம்?

இந்த ரிமோட்களின் பாஷை, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். பெரும்பாலானவற்றில் அது விநாடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கும். அந்தத் துடிப்பை விட்டு விட்டு அனுப்புவதுதான் சங்கேதம். அதே மாடல் ரிமோட் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மணி நேரம் இரவல் வாங்குங்கள். ஆர்டுயினோ என்ற சிறு பலகையில் மூன்று கால் ஏற்பி ஒன்றை மாட்டி, ஒவ்வொரு பொத்தானாக அழுத்துங்கள். சங்கேதங்களைப் பலகை கிளிப்பிள்ளை போலக் கற்றுக்கொள்ளும். பிறகு அகச்சிவப்பு விளக்கு ஒன்றையும் பொத்தான்களையும் இணைத்துவிட்டால் அதுவே திருப்பிச் சொல்லும். செய்த ரிமோட் எரிகிறதா என்று மொபைல் போன் காமிரா வழியாகப் பாருங்கள். பல போன்களில் விளக்கின் நுனி மங்கலான ஊதா நிறத்தில் மினுங்கும்.

ஓர் எச்சரிக்கை. ரிமோட் செய்வது விளையாட்டு. பழைய டெலிவிஷனைத் திறப்பது விளையாட்டு அல்ல. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை வீழ்த்தும் மின்சாரம் தங்கியிருக்கும். அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

மற்றபடி, தைரியமாக ஆரம்பிக்கலாம். பாலிக்கும் ஆட்லருக்கும் 1997-ல் எம்மி விருது கிடைத்தது. அவர்கள் கையாண்ட சாமான்கள் என்னவோ டார்ச் விளக்கும் அலுமினியக் கம்பியும்தான். பெட்டிக்குப் புரியும் பாஷை எது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் காலத்து அமெரிக்கப் பெட்டி எதுவாவது உங்கள் கையில் சிக்கினால், முதல் சோதனைக்குக் காலணாச் செலவில்லை.

சாவிக் கொத்தை எடுத்து ஒரு குலுக்குக் குலுக்குங்கள்!