முடிப்பதே அரிது

டார்ட்ஸ் ஆட்டத்தில் 501 புள்ளியிலிருந்து கழித்துக்கொண்டே வந்து சரியாகப் பூச்சியத்தை எட்டவேண்டும். 2.37 மீட்டர் தொலைவில் நின்று, முறைக்கு மூன்று சிற்றம்புகள் எறியலாம். உச்ச அளவாக 180 பெறலாம். ஆனால் முடிக்கும் அம்பு, பலகையின் ஓரத்திலுள்ள 8 மில்லிமீட்டர் அகல இரட்டை வளையத்திலோ நடுப்புள்ளியிலோதான் தைக்கவேண்டும். புள்ளி குவிப்பதைவிட முடிப்பதே அரிது என்பேன்.

இலண்டன் அலெக்சாண்ட்ரா அரண்மனையில் நடந்த 2024 உலகப் போட்டியின் இறுதியாட்டமே இதற்குச் சான்று. பதினாறு வயது லூக் லிட்லர் 4-2 என முந்தியிருந்தார். ஐந்தாம் செட்டையும் தந்திருக்கக்கூடிய அம்பு, இரண்டாம் எண்ணின் இரட்டை வளையத்தைத் தவறவிட்டது. லூக் ஹம்ஃப்ரிஸ் மீண்டெழுந்து 7-4 என வென்றார்.

லிட்லர் துவளவில்லை. 2025 சனவரியில் மைக்கேல் வான் கெர்வெனை 7-3 என வென்று, பதினேழு வயதிலேயே உலக சாம்பியனானார். நண்பர்களே, தவறிய அம்பை மறந்து அடுத்ததை எறிபவனுக்கே வெற்றி!