கணக்கில் வந்தவர்களுக்கே வீடு: மும்பை குடிசைவாசிகளின் போராட்டம் சொல்வது என்ன?

மும்பை: தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தில், 2000 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பதை ஆவணங்களுடன் நிரூபிப்பவர்களுக்கே அப்பகுதியில் இலவச வீடு வழங்கப்படும். தலைமுறைகளாக அங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே விதிதான். ஏழைகளின் குடியிருப்பு உரிமையைக் கணக்கெடுப்பு தீர்மானிக்கும் இந்த நிலை புதிதல்ல.

அமெரிக்காவில் நடந்தது

நிறப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடிமை உரிமைகள் சட்டம் 1964-ல் அமெரிக்காவில் நிறைவேறியது. அதே ஆண்டில் அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போரை அறிவித்தார். யார் ஏழை என்பதை வரையறுக்க, அரசு ஊழியரான மோலி ஓர்ஷான்ஸ்கி உணவுச் செலவின் அடிப்படையில் வகுத்த வறுமைக் கோடு ஏற்கப்பட்டது. 1964-ல் 19 சதவீதமாக இருந்த வறுமை விகிதம், 1973-ல் 11.1 சதவீதமாகக் குறைந்தது.

எனினும், சட்டம் தரும் சமத்துவம் மட்டும் வறுமையைப் போக்காது எனக் கருதிய மார்ட்டின் லூதர் கிங், ஏழை மக்கள் இயக்கத்தைத் திட்டமிட்டார். 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி அவர் படுகொலை செய்யப்பட்டார். பின்னர் அவ்வியக்கத்தினர் வாஷிங்டனில் அமைத்த குடிசை நகரை, ஜூன் 24-ஆம் தேதி போலீசார் அகற்றினர். 1959-ல் இந்தியா வந்தபோது, பம்பாய் நடைபாதைகளில் உறங்கிய மக்களைக் கண்டு கலங்கியவர் கிங்.

ஜனதா காலனி

அந்த பம்பாயில், செம்பூரை அடுத்து பாபா அணு ஆராய்ச்சி மையத்தை ஒட்டி ஜனதா காலனி இருந்தது. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜோக்கின் அற்புதம், 1960-களில் அங்கு குடியேறினார். அகற்றப்படாத குப்பையைச் சிறுவர்களைக் கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்கே கொண்டு சேர்த்து, அதிகாரிகளின் கவனத்தை ஈர்த்தார். குடியிருப்பை அகற்றும் முயற்சியை எதிர்த்து நீதிமன்றம் சென்றார். 1974-ல் தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பைத் தொடங்கினார். ஆயினும், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம் காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீத்தா கேம்ப் பகுதிக்கு மாற்றப்பட்டனர்.

தீர்ப்பும் பட்டியலும்

1981-ல் மகாராஷ்டிர அரசு நடைபாதைவாசிகளை வெளியேற்ற முற்பட்டது. இதனை எதிர்த்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில், 1985 ஜூலை 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழ்வாதாரமும் வாழும் உரிமையின் ஒரு பகுதியே என்று அரசியல் சாசன அமர்வு அறிவித்தது. ஆனால், சட்டப்படி வெளியேற்றுவதை அது தடுக்கவில்லை. 1976-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் பதிவாகி அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்று இடம் வழங்க உத்தரவிட்டது. பட்டியலில் இல்லாதவர்களுக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை.

மக்களே எடுத்த கணக்கு

இந்தக் குறையை நிரப்ப, ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனம் 1985-ல் 6,000-க்கும் மேற்பட்ட நடைபாதைக் குடும்பங்களைக் கணக்கெடுத்தது. 'கண்ணுக்குத் தெரியாத நாங்கள்' எனப் பொருள்படும் தலைப்பில் அறிக்கை வெளியிட்டது. அற்புதத்தின் கூட்டமைப்பும் அதனுடன் கைகோத்தது. பின்னாளில் ரயில் பாதையோரக் குடும்பங்கள் மறுகுடியமர்த்தப்பட்டபோது, கணக்கெடுப்பில் குடியிருப்போரே பங்கேற்றனர்.

2000-ல் மகசேசே விருதும், 2011-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அற்புதம், 2018-ல் காலமானார். பட்டியலை அரசு மட்டும் தயாரித்தால் விடுபடுவோர் குரலற்றுப் போவர் என்பதே அவரது இயக்கம் கற்ற பாடம். தாராவியில் இன்று எழும் கேள்வியும் அதுவே.